கல்லமேட்டு ஆமை எந்தக் குடும்பம்?

மும்பைத் தீவின் நிலவியலைப் பற்றி 1852-ல் எழுதிய ஹென்றி ஜான் கார்ட்டர், உறைந்த எரிமலைக் குழம்புப் பாறைகளுக்கு நடுவே சிக்கிய வண்டல் அடுக்கில் கிடைத்த ஆமைக்கு டெஸ்டூடோ லைத்தி என்று பெயரிட்டார். டெஸ்டூடோ நில ஆமைகளின் பேரினம். 1871-ல் லண்டனில் ஜான் எட்வர்ட் கிரே அதே ஆமையைத் தென் அமெரிக்க நன்னீர் ஆமைகளின் பேரினமான ஹைட்ராஸ்பிஸுக்குள் கொண்டுபோனார். 1953-ல் எர்னஸ்ட் வில்லியம்ஸ் அது தென் அமெரிக்கக் குடும்பமே அல்ல என்றார். ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் வாழும் ஆமைகளை உள்ளடக்கிய பெலோமெடூசிடே குடும்பத்தில் அதைச் சேர்த்து, கார்ட்டரின் பெயரால் கார்ட்டெரெமிஸ் என்ற தனிப் பேரினத்தை அமைத்தார். நூறு ஆண்டுகளில் மூன்று பேரினங்கள், மூன்று குடும்பங்கள். வில்லியம்ஸ் எழுதிய காலத்தில் அந்த அடுக்கின் வயது இயோசீன் என்று கருதப்பட்டது. பின்னர் அது டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளப்பட்டது. இன்று சில நிலவியலாளர்கள் அந்த யுகம் முடிந்ததற்குச் சற்றுப் பின்னர் அதை வைக்கிறார்கள். இத்தனை மாற்றங்களுக்கும் அறிஞர்களின் கவனக்குறைவைக் காரணம் காட்டுவது நியாயமாகாது. மூவருமே தம் காலத்தின் தேர்ந்த ஆய்வாளர்கள். ஆனால் பேச்செல்லாம் ஓட்டைச் சுற்றியே நடந்தது. தன்னிடம் இல்லாத ஒரு பதிலை அந்த ஓட்டிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். புதைபடிவ ஆமை ஒன்றின் சிற்றினப் பெயருக்கு உள்ள மதிப்பு, அந்தப் பெயர் உடலின் எந்தப் பகுதியின் மேல் நிற்கிறதோ அந்தப் பகுதிக்கு உள்ள மதிப்புதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்தியாவின் கிரிடேசியஸ் கால ஆமைகளின் வரலாறு இதற்கு நல்ல சான்று. அதில் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு முக்கியமான இடத்தைப் பிடித்திருக்கிறது.

ஆமையின் ஓடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓடு ஒரே எலும்பு அல்ல. விலா எலும்புகளும் முதுகெலும்புகளும் தோலெலும்புகளும் ஒன்றோடொன்று தைத்ததுபோல் இணைந்த கட்டமைப்பு. ஆமை இறந்தபின் தலையும் கால்களும் விலகிப்போக, கனத்த இந்தக் கூடு சேற்றில் புதைந்து நிலைக்கிறது. மண்டையோடு சிறியது, வெள்ளம் எளிதில் உருட்டிக்கொண்டுபோகும். எனவே டைனோசர் யுகத்துப் படிவுகளில் ஓட்டின் துண்டுகள் மலிந்து கிடக்கின்றன, மண்டையோடுகள் அரிதாகக் கிடைக்கின்றன. நல்ல நிலையில் உள்ள ஓடு சில பெரிய கேள்விகளுக்கு உறுதியாகப் பதில் சொல்லும். இன்று வாழும் ஆமைகள் எல்லாம் இரண்டு பெரும் பிரிவுகளில் அடங்கும். ஒரு பிரிவு கழுத்தை நேராக உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்னொன்று பக்கவாட்டில் மடித்து ஓட்டின் விளிம்புக்குக் கீழே வைத்துக்கொள்ளும். பக்கக்கழுத்து ஆமைகளுக்கு இடுப்பெலும்பு மேலோட்டுடனும் அடியோட்டுடனும் இறுகப் பொருந்தியிருக்கும். அந்தப் பொருத்தின் தழும்பு ஓட்டின் உட்புறத்தில் தெரியும். தலையோ கழுத்தோ கிடைக்காவிட்டாலும், அந்தத் தழும்பைக் கண்டால் போதும், அது பக்கக்கழுத்து ஆமை என்று சொல்லிவிடலாம். அடியோட்டின் இரு ஓரங்களிலும் சிறிய கூடுதல் எலும்பு ஒன்று இருந்தால், தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் கெலிடே குடும்பத்தை விலக்கிவிடலாம். அக்குடும்பத்துக்கு அந்த எலும்பு கிடையாது. இதுவரை ஓட்டின் சாட்சியம் திடமானது. இதைக் கடந்து பேரினம், சிற்றினம் என்று கீழே இறங்கும்போதுதான் சாட்சியம் தடுமாறுகிறது.

தடுமாற்றத்துக்குக் காரணம், ஓடு ஒரே சிற்றினத்துக்குள்ளேயே மாறிக்கொண்டிருப்பது. குஞ்சுகளின் ஓட்டில் எலும்புகளுக்கு நடுவே இடைவெளிகள் இருக்கும். வளர வளர மூடும். முதுகு நடுவரிசையில் உள்ள எலும்புத் தகடுகளின் எண்ணிக்கையும் வடிவமும் ஆமைக்கு ஆமை வேறுபடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவும் அடியோட்டின் குழிவும் வேறு. இதற்கெல்லாம் மேலாக, பல கோடி ஆண்டுகள் மண்ணின் பாரம் அழுத்தியதில் ஓடு நசுங்கி, உயர்ந்தது தட்டையாகவும் வட்டமானது நீளமாகவும் ஆகியிருக்கும். சுவிட்சர்லாந்தின் சோலோதூர்ன் நகரத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் கிடைத்த ஜுராசிக் ஆமைகளை லுட்விக் ரூட்டிமேயர் 1873-ல் விரிவாக ஆராய்ந்தபோது, இத்தகைய வேறுபாடுகள் ஒவ்வொன்றும் ஒரு சிற்றினத்தின் அடையாளமாகத் தெரிந்தன. ஜெரெமி ஆங்கெத்தாங் குழுவினர் 2014-ல் அதே தொகுப்பை மறுபடி அளந்து ஒப்பிட்டபோது, பிளெசியோகெலிஸ் பேரினத்தில் தனித்தனியாக நின்ற பல பெயர்கள் பிளெசியோகெலிஸ் எடல்லோனி என்ற ஒரே சிற்றினத்தின் பெயர்களாக முடிந்தன. கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. இந்தத் திருத்தத்தைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், ஒரே வட்டாரத்தில், ஏறத்தாழ ஒரே வயதுடைய பாறையில் ஏராளமான ஓடுகள் சேர்ந்து கிடைத்ததுதான். வேறுபாட்டின் எல்லையை அளக்க ஒரு கூட்டமே கையில் இருந்தது. மும்பையில் கார்ட்டருக்கு அந்த வசதி இருக்கவில்லை.

இங்கே ஒருவர் மறுக்கலாம்: இன்று வாழும் ஆமைகளை நாம் ஓட்டைப் பார்த்துத்தானே இனம் காண்கிறோம்? நட்சத்திர ஆமையை அடையாளம் காண மண்டையோட்டை யாரும் அறுத்துப் பார்ப்பதில்லையே? உண்மைதான். ஆனால் நட்சத்திர ஆமையின் நட்சத்திரம் எலும்பில் இல்லை. எலும்பை மூடியுள்ள கொம்புப் பொருளாலான செதில்தகட்டின் நிறத்தில் இருக்கிறது. கல்லாகும்போது அந்த நிறம் அழிந்துவிடும். எலும்பில் தகடுகளின் விளிம்புக்கோடுகள் மட்டும் பள்ளமாக எஞ்சும். அது மட்டுமல்ல, முழு உடலும் நிறமும் கையில் இருக்கும்போதுகூட ஆமை விஷயத்தில் தவறு நேர்ந்திருக்கிறது. சீனாவில் விலங்கு வணிகர்களிடம் வாங்கிய மாதிரிகளைக் கொண்டு கூவோரா செர்ராட்டா, மௌரெமிஸ் இவர்சோனி முதலிய புதிய சிற்றினங்கள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் விவரிக்கப்பட்டன. மரபணுச் சோதனை வந்தபின் அவை தனிச் சிற்றினங்கள் அல்ல, வேறு வேறு ஆமைகளின் கலப்பில் பிறந்தவை என்று தெரிந்தது. உயிரோடு உள்ள ஆமையிலேயே ஓட்டின் வடிவம் இப்படி வழி தவற வைக்குமானால், நிறமும் மரபணுவும் தலையும் இல்லாத ஒரு கல் ஓட்டின் மேல் சிற்றினப் பெயரைச் சுமத்துவதற்குமுன் மிகுந்த தயக்கம் வேண்டும்.

அந்தத் தயக்கம் இல்லாமற்போனால் இழப்பு பெயர்ப்பட்டியலோடு நிற்காது. கிரேயின் தீர்ப்பு சரியாக இருந்திருந்தால், தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மட்டும் வாழும் கெலிடே குடும்பம் ஒரு காலத்தில் இந்தியாவிலும் இருந்தது என்று ஆகியிருக்கும். அக்குடும்பம் கண்டங்களுக்கிடையே எப்படிப் பரவியது என்ற கதை முழுவதையும் இந்தியா வழியாகத் திருப்பி எழுத வேண்டியிருந்திருக்கும். வில்லியம்ஸ் தம் கட்டுரையைக் கெலிடே ஆமைகளின் பரவலைப் பற்றிய ஆய்வின் பகுதியாகவே எழுதினார். மும்பை ஆமையை அந்தக் கணக்கிலிருந்து நீக்குவதே அவர் நோக்கம். அதில் அவர் வெற்றி பெற்றார். ஓடு எந்த மட்டத்தில் நம்பத்தக்கதோ, அதாவது குடும்ப அளவில், அந்த மட்டத்தில் அவர் அதைப் பயன்படுத்தினார். அவருக்குப் பின் கார்ட்டெரெமிஸ் என்ற பெயர் தாங்கக்கூடியதற்கு மேல் சுமக்க நேர்ந்ததுதான் அடுத்த சிக்கல்.

மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் உள்ள பிஸ்துரா, டோங்கர்காவ் பகுதிகள் லாமெட்டா படிவுகளுக்குப் பெயர் பெற்றவை. டைனோசர்களின் எலும்புகளும் கல்லான சாணமும் அங்கே கிடைத்திருக்கின்றன. ஐசிசாரஸ் என்ற பெரிய தாவர உண்ணி டோங்கர்காவ் குன்றிலிருந்து வந்தது. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த சோகன் லால் ஜெயின் 1977-ல் பிஸ்துராவின் ஆமை மண்டையோடு ஒன்றை விவரித்து, அதற்கு ஷ்வேபோயெமிஸ் பிஸ்துரென்சிஸ் என்று பெயரிட்டார். ஷ்வேபோயெமிஸ் பர்மாவின் மிகப் பிந்தைய பாறைகளிலிருந்து அறியப்பட்ட பேரினம். இரண்டுக்கும் நடுவே ஆறு கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி. 1986-ல் டோங்கர்காவில் கிடைத்த புதிய எச்சங்களையும் தெற்காசிய ஆமைகள் எல்லாவற்றையும் மறுபடி பார்த்த ஜெயின், பிஸ்துரா ஆமையைக் கார்ட்டெரெமிஸுக்குள் வைத்தார். பர்மாவைக் கைவிட்டது சரியான முடிவு. ஆனால் புதிய இடத்திலும் இடர் இருந்தது. கார்ட்டெரெமிஸ் என்ற பெயர் மும்பையின் லைத்தியோடு கட்டப்பட்டது. பிஸ்துராவின் பெயரைத் தாங்குவது மண்டையோடு; மும்பையின் பெயரைத் தாங்குவது ஓடு. ஊர் வேறு, படிவு வேறு, உடலின் பகுதியும் வேறு. தலையையும் ஓட்டையும் பக்கத்தில் வைத்து எதை எதோடு ஒப்பிடுவது?

இதற்கிடையில்தான் கல்லமேடு வருகிறது. அரியலூர்ப் பகுதியின் கிரிடேசியஸ் பாறைகள் பெரும்பாலும் கடலில் படிந்தவை. சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளுக்காக அவற்றை உலகம் அறியும். ஹென்றி பிளான்ஃபோர்ட் 1860-களிலேயே அவற்றை அடுக்கு அடுக்காகப் பிரித்து எழுதினார். கல்லமேடு படிவு மட்டும் மாறுபட்டது: கடல் பின்வாங்கியபின் ஆறுகளும் அவற்றின் சமவெளிகளும் விட்டுச்சென்ற மணலும் களிமண்ணும். வயது மாஸ்ட்ரிக்டியன், அதாவது ஏறத்தாழ 7.2 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம். டைனோசர்களின் கடைசிக் கட்டம். இங்கே கிடைத்த ஆமை மண்டையோட்டை நியூயார்க் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் யூஜின் காஃப்னி, சங்கர் சட்டர்ஜி, ருத்ரா மூவரும் 2001-ல் விவரித்து, கூர்மாவதாரத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்துக் கூர்மாடெமிஸ் கல்லமேடென்சிஸ் என்று அழைத்தார்கள். அவர்கள் பார்த்த இடங்கள் முக்கியமானவை. மண்டையின் பின்புறத்தில், தண்டுவடம் நுழையும் துளையின் ஓரத்தில் உள்ள பிடரி எலும்பு, தாடை மூட்டையும் காதறையையும் தாங்கும் எலும்பை அகலமாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தொண்டையிலிருந்து காதுக்குச் செல்லும் குழாயையும் ஒலியைக் கடத்தும் மெல்லிய காதெலும்பையும் ஓர் எலும்புத் தடுப்பு பிரிக்கிறது. இவை பொத்ரெமிடிடே என்ற அழிந்த குடும்பத்தின் அடையாளங்கள். நியூஜெர்சியிலும் ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எச்சங்களை விட்டுச்சென்ற அந்தக் குடும்பத்துக்கு இந்தியாவில் முதன்முறையாக ஐயமற்ற சான்று கிடைத்தது. 2003-ல் காஃப்னி, அசோக் சாஹ்னி முதலியோர் மும்பையின் அதே எரிமலை இடையடுக்குகளிலிருந்து ஒரு மண்டையோட்டை விவரித்தார்கள்: சங்குச்செமிஸ் சேத்னை. அதுவும் அதே குடும்பம்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு இங்கேதான் எழுகிறது. ஜெயின் ஷ்வேபோயெமிஸுக்குள் வைத்தது ஓட்டை அல்லவே, மண்டையோட்டைத்தானே? மண்டையோடு கையில் இருந்தும் பெயர் தவறியது என்றால், ஓட்டைக் குறைசொல்லி மண்டையோட்டை உயர்த்துவதற்கு என்ன அடிப்படை? மறுப்பு நியாயமானது. அதைச் சந்தித்தால் வாதம் கூர்மையாகிறது. மண்டையோடு முழுவதும் ஒரே தரத்துச் சான்று அல்ல. தாடையின் அகலம், கடிக்கும் பரப்பின் நீளம், மூக்கின் வடிவம் ஆகியவை உணவோடு நேரடியாகப் பிணைந்தவை. நத்தையையும் சிப்பியையும் நொறுக்கித் தின்னும் ஆமைகள் வெவ்வேறு குடும்பங்களில் தனித்தனியாக அகன்ற தாடையைப் பெற்றிருக்கின்றன. ஒரே சிற்றினத்துக்குள்ளும் இது நடக்கும். அமெரிக்காவின் கிராப்டெமிஸ் ஆமைகளில், குறிப்பாகக் கிராப்டெமிஸ் பார்பூரியில், பெண் பருத்த தலையோடு சிப்பிகளை நொறுக்குகிறது. ஆண் அளவில் மிகச் சிறியது, குறுகிய தலையோடு பூச்சிகளைத் தின்கிறது. இரண்டின் மண்டையோடுகளும் கல்லாகித் தனித்தனி இடங்களில் கிடைத்தால், நேர்மையான ஆய்வாளரே அவற்றை வேறு பேரினங்கள் என்று எழுதிவிடக்கூடும். ஆனால் நரம்பும் இரத்தக்குழாயும் செல்லும் வழிகள், காதறையைச் சூழ்ந்த எலும்புகள் தொட்டுக்கொள்ளும் முறை, மூளைக்கூட்டின் அடித்தளம் ஆகியவை இரையின் மாற்றத்துக்கு அவ்வளவு எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. காஃப்னி 1975-ல் வெளியிட்ட ஆமை வகைப்பாட்டிலேயே மண்டையின் இந்த உட்பகுதிகளைத்தான் முதன்மையாகக் கொண்டார். ஜெயினின் தலைமுறையில் பக்கக்கழுத்து ஆமைகளில் கெலிடே தவிர்த்த எல்லாவற்றையும் பெலோமெடூசிடே என்ற ஒரே பெரிய குடும்பத்தில் போட்டுவைக்கும் வழக்கம் இருந்தது; உட்பகுதிகளைக் கொண்டு பிரிக்கும் கருவிகள் அப்போது முதிரவில்லை. எனவே தலையா ஓடா என்று கேட்பதைவிட, ஓர் அடையாளம் வாழ்முறையால் எவ்வளவு எளிதில் மாறும் என்று கேட்பதே சரி. இந்த அளவுகோலில் ஓடு பின்தங்குகிறது, தாடை நடுவில் நிற்கிறது, காதும் பிடரியும் முன்னே வருகின்றன.

இந்த அளவுகோலைச் சீராகப் பயன்படுத்தியதன் விளைவு 2006-ல் தெரிந்தது. காஃப்னி, ஹையான் டோங், பீட்டர் மெய்லன் மூவரும் எழுதிய 698 பக்கப் பெருநூல் பொத்ரெமிடிடே குடும்பம் முழுவதையும் மண்டையோட்டின் எலும்பு எலும்பாக ஒப்பிட்டது. கல்லமேட்டு ஆமையும் மும்பையின் சங்குச்செமிஸும் குடும்பத்துக்குள் ஒரு தனிக் கிளையாகச் சேர்ந்தன. 2009-ல் காஃப்னி, டேவிட் க்ராஸ், சல்முத் ஆகியோர் மடகாஸ்கரின் மேவரானோ படிவிலிருந்து கின்கோனிகெலிஸ் ரோஜர்சியை விவரித்தார்கள். அது இந்திய ஆமைகளின் கிளையிலேயே வந்து அமர்ந்தது. இறுதியாக 2020-ல் வால்டர் ஜாய்ஸும் சாஸ்வதி பந்தோபாத்யாயும் பிஸ்துரா ஆமையை மறுஆய்வு செய்து, கார்ட்டெரெமிஸிலிருந்து விடுவித்து, அதை முதலில் விவரித்தவரின் நினைவாக ஜைனெமிஸ் பிஸ்துரென்சிஸ் என்று புதுப் பேரினம் அளித்தார்கள். அதற்கும் கல்லமேடு, மும்பை, மடகாஸ்கர் ஆமைகளோடுதான் நெருங்கிய உறவு. பர்மாவோடு இணைந்திருந்த ஒன்று, இந்தியப் பெருங்கடலின் மறுகரையோடு இணைந்துவிட்டது. இந்த முடிவு தனியாக நிற்கவில்லை என்பதுதான் எனக்கு அதில் நம்பிக்கை தருகிறது. மடகாஸ்கரின் சிமோசூக்கஸ் என்ற தாவர உண்ணி முதலையின் பல்லை ஒத்த பல் கல்லமேட்டில் கிடைத்து 2013-ல் விவரிக்கப்பட்டது. அபெலிசாரிட் என்ற ஊனுண்ணி டைனோசர் குடும்பமும், கோண்டுவானாதீரியா என்ற அழிந்த பாலூட்டிக் கூட்டமும் இரு நிலங்களிலும் உறவினர்களைக் கொண்டிருக்கின்றன. ஆமையை வகைப்படுத்தியவர்கள் முதலையையோ பாலூட்டியையோ பார்த்து முடிவெடுக்கவில்லை. தனித்தனி வழிகளில் நடந்து ஒரே ஊருக்கு வந்துசேர்ந்திருக்கிறார்கள்.

ஆனாலும் இதிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் நிதானம் தேவை. இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. நாம் பேசும் ஆமைகளோ அதற்கு ஒன்றரைக் கோடி ஆண்டுக்கும் மேல் பிந்தியவை. இரு நிலங்களும் ஒன்றாக இருந்தபோது வாழ்ந்த மூதாதையிலிருந்து இரு பக்கமும் தனித்தனியாக வளர்ந்தவை என்று கொள்ளலாம். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் கடல் கடந்து வந்தவை என்றும் வாதிடலாம். பொத்ரெமிடிடே குடும்பத்தில் டாஃப்ரோஸ்ஃபிஸ் போன்றவை கடலோரப் படிவுகளில் கிடைப்பதால் இரண்டாவது வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இந்தியக் கிளையின் ஆமைகள் இதுவரை ஆறு, ஏரி சார்ந்த படிவுகளிலிருந்தே வந்திருப்பதும், ஆமையோடு முதலையும் பாலூட்டியும் அதே உறவைக் காட்டுவதும் முதல் விளக்கத்துக்கே வலுச்சேர்க்கின்றன. எப்படியானாலும், இந்தக் கேள்வியை இவ்வளவு துல்லியமாகக் கேட்க முடிந்ததே பெயர்கள் திருந்தியபின்தான்.

இன்னொரு மறுப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும். மண்டையோடு கிடைக்கும்வரை ஓடுகளுக்குச் சிற்றினப் பெயர் வைக்கக்கூடாது என்றால், கிரிடேசியஸ் இந்தியாவில் எத்தனை வகை ஆமைகள் இருந்தன என்ற கணக்கு குறைந்துவிடாதா? டைனோசர் யுகத்தை முடித்த பெருஅழிவில் எவை அழிந்தன, எவை தப்பின என்று அறிய அந்தக் கணக்கு தேவையல்லவா? கணக்கு குறையும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மறுபக்கத்து ஆபத்து பெரியது. மும்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வட்டாரத்தின் எரிமலை இடையடுக்குகளில் ஓட்டின் பெயராக லைத்தியும் மண்டையோட்டின் பெயராகச் சேத்னையும் நிற்கின்றன. இவை இரண்டு சிற்றினங்களா, ஒரே ஆமையின் உடலும் தலையுமா? இரண்டும் சேர்ந்து ஒரே எலும்புக்கூடாகக் கிடைத்தாலொழிய யாராலும் சொல்ல முடியாது. பட்டியலில் மட்டும் இரண்டு என்று எண்ணப்படும். நாளை இரண்டும் ஒன்று என்று நிறுவப்பட்டால், விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி 1852-ன் பெயரே முந்தியது. நல்ல மண்டையோட்டின் மேல் அமைந்த சங்குச்செமிஸ் பின்னுக்குப் போக நேரும். பெயரின் முந்துரிமை எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு லைத்தியே உதாரணம். 1869-ல் ஆல்பர்ட் குந்தர் எகிப்தின் சிறிய நில ஆமைக்கு டெஸ்டூடோ லைத்தி என்று பெயரிட்டார். அதே பெயரைக் கார்ட்டர் 17 ஆண்டுகளுக்கு முன்பே மும்பைப் புதைபடிவத்துக்கு வைத்துவிட்டதால் குந்தரின் பெயர் செல்லாததாகி, இன்று வாழும் அந்த எகிப்திய ஆமை 1883-ல் சூட்டப்பட்ட டெஸ்டூடோ க்ளைன்மன்னி என்ற பெயரில் அறியப்படுகிறது. தான் எந்த ஆமை என்று உறுதியாகத் தெரியாத ஓர் ஓடு, இன்னொரு கண்டத்தில் உயிரோடு உலவும் ஆமையின் பெயரைத் தீர்மானித்திருக்கிறது. ஆகவே "பக்கக்கழுத்து ஆமை, சிற்றினம் தெரியாது" என்று பதிவேட்டில் எழுதுவதை அறிவுப் பஞ்சமாகக் கருதக்கூடாது. அந்த ஓடு உண்மையில் சொல்வது அவ்வளவுதான். அழிவைப் பற்றிய கணக்கையும் குடும்ப, கிளை அளவில் போடலாம். அங்கே எண்கள் சிறியவை, ஆனால் நம்பத்தக்கவை.

அப்படியானால் ஓடுகள் எல்லாம் எப்போதும் பெயரற்றே கிடக்க வேண்டுமா? தேவையில்லை, வழி இருக்கிறது, அது கடினமான வழி. டைரனோசாரஸால் புகழ்பெற்ற வட அமெரிக்காவின் ஹெல் கிரீக் படிவில் பேனிட் என்ற ஆமைக் குடும்பம் நீண்ட காலம் இதே சிக்கலில் இருந்தது: சில பெயர்கள் தலைகளின் மேல், சில பெயர்கள் ஓடுகளின் மேல். தலையும் ஓடும் சேர்ந்த எலும்புக்கூடுகளைத் தேடி எடுத்த டைலர் லைசன், ஜாய்ஸ் முதலியோரின் களப்பணிதான் அந்த முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தது. 2019-ல் விவரிக்கப்பட்ட சாக்சோகெலிஸ் கில்பெர்ட்டியில் ஆண், பெண் வேறுபாட்டைப் பற்றியே வாதிடுமளவுக்கு மாதிரிகள் சேர்ந்திருந்தன. சீனாவின் துர்ஃபான் பள்ளத்தில் 2012-ல் அறிவிக்கப்பட்ட ஜுராசிக் படிவொன்றில், வற்றிய நீர்நிலையில் மாண்டதாகக் கருதப்படும் ஏறத்தாழ 1,800 ஆமைகள் குவிந்திருப்பதாக மதிப்பிட்டார்கள். டைனோசர் யுகத்துக்குப் பின்னதாயினும் ஜெர்மனியின் மெசல் குழியில் இணைசேர்ந்தபடியே கல்லான ஒன்பது ஆமை ஜோடிகள் கிடைத்து, ஆண் எது, பெண் எது என்பதை ஐயமின்றிக் காட்டின. இத்தகைய இடங்களில் ஒரு சிற்றினத்துக்குள் எவ்வளவு வேறுபாடு அடங்கும் என்று முதலில் அளந்துகொள்ளலாம்; பின் அந்த அளவை வைத்துத் தனி ஓடுகளைத் துணிந்து பிரிக்கலாம். ஓட்டின் சாட்சியத்தை நான் தள்ளிவிடவில்லை; தலையோடு சேர்ந்து வரும்போது அதன் மதிப்புப் பலமடங்காகிறது என்கிறேன். எவரும் கண்டிராத தனி அமைப்புடைய ஓடு கிடைத்தால் அதற்குத் தனியாகவே பெயர் வைக்கலாம். இந்தியாவின் கோட்டா படிவிலிருந்து 2000-ல் விவரிக்கப்பட்ட ஜுராசிக் ஆமை இண்டோகெலிஸ் அப்படிப்பட்டது. ஆனால் கிரிடேசியஸ் இறுதியின் பக்கக்கழுத்து ஆமைகள் ஓட்டில் ஒன்றையொன்று ஒத்திருப்பவை. அவற்றுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

கல்லமேட்டைப் பொறுத்தவரை இந்த வாதத்துக்கு நடைமுறைப் பொருள் உண்டு. அதே படிவிலிருந்து 1987-ல் யாதகிரியும் அய்யாசாமியும் புருஹத்காயோசாரஸ் மட்லேயி என்ற பெரிய டைனோசரை விவரித்தார்கள். பெயரைத் தாங்கிய எலும்புகள் பின்னர் சிதைந்து அழிந்துபோயின. அந்த விலங்கு எவ்வளவு பெரியது, எந்தக் கிளையைச் சேர்ந்தது என்ற விவாதம் பழைய வரைபடங்களையும் ஒளிப்படங்களையும் வைத்தே இன்றும் நடக்கிறது. கல்லமேட்டின் களிமண்ணில் புதைந்த எலும்பு மழைக்கும் வெயிலுக்கும் தாங்காது. வெளியே தெரிந்தபின் அதற்கு ஆயுள் குறைவு. கூர்மாடெமிஸின் மண்டையோடு தப்பியது, உரிய காலத்தில் எடுத்துத் தொகுப்பில் சேர்த்துப் பாதுகாத்ததால். அதனால்தான் 2006-லும் 2009-லும் 2020-லும் வெவ்வேறு ஆய்வாளர்கள் அதன் காதறைக்குத் திரும்பத் திரும்ப வந்து தம் கருத்தைச் சோதித்துக்கொள்ள முடிந்தது. அரியலூர்ப் பகுதியில் இனி எடுக்கப்படும் ஆமைகளில் ஓடும் தலையும் ஒரே பாறைக்கட்டியில் இருந்தால், அழகான ஓட்டை மட்டும் சுத்தம் செய்து காட்சிக்கு வைத்துவிட்டு மீதியைக் கைவிடாமல், கட்டியை அப்படியே எக்ஸ்-கதிர் அடுக்குப்படத்துக்கு அனுப்ப வேண்டும். கூர்மாடெமிஸின் தலையோடு ஐயமின்றிச் சேர்ந்த ஒரு முழு ஓடு கிடைத்துவிட்டால், 1852 முதல் பெயர் தேடி அலையும் மும்பை ஓட்டை அதன் பக்கத்தில் வைத்து ஓட்டை ஓட்டோடு ஒப்பிடலாம். கார்ட்டெரெமிஸ் தனிப் பேரினமா என்ற கேள்விக்கு அப்போதுதான் ஓட்டிடமிருந்தே பதில் எதிர்பார்க்க முடியும்.